ஒரே டெலிபோன், இரண்டு பேச்சு

போன மாதம் எங்கள் தாமான் குடியிருப்பில் இணையச் சேவை விற்க ஒரு பெண் வந்தாள். கேட்டுக்கு வெளியே குடையைப் பிடித்தபடி நின்று, இந்தப் பேக்கேஜ் இவ்வளவு வேகம், அந்தப் பேக்கேஜ் அவ்வளவு வேகம் என்று மலாயில் ஒப்பித்தாள். எனக்கு அடுப்பில் குழம்பு. எல்லாவற்றுக்கும் தலையாட்டி, நடுவில் இருந்த ஒன்றைக் காட்டி, ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டேன். கதவைச் சாத்திய பிறகுதான் அப்பா இருந்திருந்தால் அவளை லேசில் விட்டிருக்க மாட்டாரே என்று தோன்றியது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்து, ஆற அமர விசாரித்திருப்பார். கடைசியில் "யோசிச்சுச் சொல்றோம் லா" என்று வெறுங்கையோடு அனுப்பியிருப்பார்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். அப்பாவைக் கேட்டால் இணையம் போட்டுப் பார் என்பதையும் அதோடு சேர்த்திருப்பார். என் கல்யாணப் பேச்சும் எங்கள் வீட்டு இணையப் பேச்சும் ஒரே சமயத்தில்தான் தொடங்கின. இரண்டுக்கும் வீட்டில் இருந்தது ஒரே டெலிபோன்.

அப்போது நாங்கள் ஈப்போவில், சிலிபினில் இருந்தோம். அதற்கு முன் அப்பா சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கிராணியாக இருந்தவர். ரப்பர் மரம் சீவுகிறவர்கள் கொண்டுவரும் பாலை நிறுத்து எழுதுவது அவர் வேலை. தோட்டத்தை விற்று அங்கே வீடுகள் கட்ட ஆரம்பித்ததும் நாங்கள் டவுனுக்கு வந்துவிட்டோம். நிறுக்கும் புத்தி மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை. பாசாரில் கத்தரிக்காய் வாங்கினால்கூட நான்கு கடை ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடைக்கே திரும்பி வருவார். கூடப் போகிறவர்களுக்குக் கால் வலிக்கும். நான் பல முறை சண்டை போட்டிருக்கிறேன்.

பினாங்கில் வேலை பார்த்த என் தம்பி புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதும் பழையதை எங்கள் தலையில் கட்டினான். கூடவே, "அப்பா, இண்டர்நெட் போட்டுக்குங்க, நிறைய கம்பெனி இருக்கு, பார்த்து எடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். "பார்த்து எடுங்க" என்று யாரிடம் சொல்கிறோம் என்று அவன் யோசித்திருக்க வேண்டும்.

மறுநாளே அப்பா கிளம்பிவிட்டார். சிலிபினில் யார் யார் வீட்டில் இணையம் இருக்கிறதோ அங்கெல்லாம் போய் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து, திரையில் ஒரு படம் மேலிருந்து கீழே வருவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்று கைக்கடிகாரத்தில் பார்ப்பார். மழை பெய்தால் அறுந்து போகிறதா, இடி இடித்தால் மோடம் கருகுகிறதா, பில் கட்டத் தவறினால் மரியாதையாகப் பேசுகிறார்களா, எல்லாம் கேட்பார். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது இதில் பாதிகூட விசாரிக்கவில்லை. அதை நான் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

"மாப்பிள்ளைய விசாரிக்க ஊரே இருக்கும்மா. இதுக்கு யாரு இருக்கா?" என்றார்.

சுற்றி அலைந்ததில் அவருக்கு நான்கு வழி தெரிந்தது. ஒன்று, டெலிபோன் லைனிலேயே எண்ணைச் சுழற்றி உள்ளே போவது. செலவு போன் பில்லோடு சேர்ந்து வரும். இரண்டாவதும் அதேதான், ஆனால் புத்தகக் கடையில் அட்டை வாங்கிச் சுரண்டி, அதிலுள்ள எண்ணைப் போட வேண்டும். மூன்றாவது கம்பெனி முதல் மாதம் இலவசம் என்று ஒரு குறுவட்டைக் கையில் கொடுத்தது. இந்த மூன்றிலும் இணையத்தில் இருக்கும் வரைக்கும் போன் செத்துப் போகும். வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு எங்கேஜ் சத்தம்தான் கேட்கும்.

நான்காவது பிராட்பேண்ட். எந்நேரமும் இணைந்தே இருக்கும், போனும் அதுபாட்டுக்கு வேலை செய்யும் என்று கம்பெனிக் கடையில் இருந்த பெண் சொன்னாள். அப்பா அவள் கொடுத்த விளம்பரத் தாளைக் கையில் எடுக்கும்போதே கீழே வைத்துவிட்டார்.

"ரெண்டு வேலைய ஒரே நேரத்துல பார்க்குற எதுவும் ரெண்டையும் ஒழுங்கா பார்க்காது," என்றார். "தோட்டத்துல எத்தன பேர பார்த்திருக்கேன்."

அம்மாவின் கட்சி வேறு. முச்சந்தியில் சைபர் கஃபே இருக்கும்போது வீட்டுக்குள் எதற்கு இந்தக் கூத்து என்பது அவர் கேள்வி. மோடம் இணையும்போது போடும் சத்தம் அவருக்கு ஆகவே ஆகாது. இரண்டு பூனைகள் தகரக் கூரையில் சண்டை போடுவதுபோல அது கத்தும்.

பேசிப் பார்த்துத் தீராததால் அப்பா நிறுத்துப் பார்க்க முடிவு செய்தார். ஒரே பாட்டை மூன்று சேவையிலும் இறக்குவது; எது சீக்கிரம் இறக்குகிறதோ அதுதான் நம் வீட்டுக்கு. முருகன் பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல்தான் சோதனை, அந்த நேரத்தில் கோயிலுக்குப் போனவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள், யாரும் போன் செய்ய மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. வாரத்துக்கு ஒரு கம்பெனி. எல்லாருக்கும் ஒரே கிழமை, ஒரே நேரம், அப்போதுதான் நியாயம்.

"இந்த நேரத்துக்குக் கோயிலுக்கே நடந்து போயி முருகனப் பார்த்துட்டு வந்திருக்கலாம்," என்று அம்மா முதல் வாரமே சொன்னார்.

இரண்டு கம்பெனிகளின் சோதனை முடிந்த நிலையில்தான் தைப்பிங்கிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் ஒரு பல் கிளினிக்கில் முன்மேசையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏற்கனவே சிலர் வந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதனால் இந்த முறையும் பெரிய நம்பிக்கை எதுவும் இல்லாமல்தான் புடவை கட்டினேன்.

மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் மாமாவும் வந்திருந்தார்கள். அப்பா அவரிடம் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். அடுத்த கேள்வி, "தைப்பிங்குல மழை அதிகம்லா, லைன் எப்படி இருக்கு?" பிறகு அது ஓயவே இல்லை. மாமா கொட்டாவி விட்டார். அம்மா உள்ளேயிருந்து கண்ணைக் காட்டினார். மாப்பிள்ளை மட்டும் அசையாமல் உட்கார்ந்து, தன் வீட்டில் இடி விழுந்து இரண்டு மோடம் போன கதையைச் சொல்லி, அப்பாவின் சோதனை முறையைப் பற்றி அக்கறையாகக் கேட்டார். நடிப்பு இல்லை. எனக்கு அது தெரியும். கிளினிக்கில் தினமும் வலிக்கவில்லை என்று நடிக்கிறவர்களைப் பார்க்கிறவள் நான். அப்பா உச்சி குளிர்ந்து தன்னுடைய இமெயில் முகவரியை எழுதிக் கொடுத்தார். அதை அவர் கேட்கவே இல்லை. அந்த நாட்களில் அப்பா அந்த முகவரியைக் கோயில் பூசாரி உட்பட எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருத்தரும் ஒரு வரி போட்டதில்லை. இருந்தாலும் ஒவ்வொரு முறை இணையும்போதும் யாராவது போட்டிருக்கிறார்களா என்று பார்க்காமல் விட மாட்டார்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே அவர் என்னிடம், "நீங்களும் இண்டர்நெட் பார்ப்பீங்களா, இல்ல அங்கிள் மட்டுந்தானா?" என்றார்.

"அவரு எழுந்திரிச்சாத்தானே," என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவ்வளவுதான் நாங்கள் பேசியது. ஆனால் அன்றைக்கு இரவு முழுக்க எனக்கு அந்தச் சிரிப்புதான். இந்த இடம் அமைய வேண்டும் என்று நான் மனதார ஆசைப்பட்டேன். அதற்கு முன் எந்த இடத்துக்கும் அப்படி ஆசைப்பட்டதில்லை.

நடுவில் பேசியவர் என் சித்தி. வியாழக்கிழமை அவர் சுங்கை சிப்புட்டிலிருந்து கூப்பிட்டார். "ஞாயித்துக்கெழம காலைல நல்ல நேரத்துல மாப்பிள்ள அம்மா போன் பண்ணுவாங்க. சம்மதம்னா கூப்புடுவாங்க. கூப்புடலன்னா வுட்டுடுங்க, நாமளா போன் போட்டுக் கேக்க வேணாம்."

எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். வேண்டாம் என்பதை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். போன் வராது, அதைப் புரிந்துகொள்ள வேண்டியது பெண் வீட்டார் பொறுப்பு. தானாகப் போன் செய்து கேட்டால் மானம் போய்விடும். யார் கண்டுபிடித்த வழக்கமோ, அவர்கள் வீட்டில் பெண் பிள்ளை இருந்திருக்காது.

சுவரில் தொங்கிய நாள்காட்டியில் ஞாயிறு நல்ல நேரம் ஏழரையிலிருந்து எட்டரை என்று போட்டிருந்தது. அன்றைக்கு விடியும்போதே அம்மா தலை குளித்து, போனுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அப்பா கம்ப்யூட்டர் இருந்த பக்கமே போகவில்லை. நான் அறையில் சும்மா துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே திரும்ப மடித்தேன். ஒரு முறை மணி அடித்தது. அம்மா பாய்ந்து எடுத்தார். யாரோ தவறான எண். அம்மா அந்த மனிதரை வாங்கிய வாங்கலில் அவர் அதற்குப் பிறகு அந்த எண்ணைச் சுற்றியிருக்க மாட்டார்.

எட்டரை ஆயிற்று. கடிகாரம் கொஞ்சம் முன்னே ஓடுகிறது என்று அம்மா மேலும் காத்திருந்தார். ஒன்பது ஆனபோது எழுந்து, சமையலறைக்குப் போய் முருங்கைக்கீரை உருவ ஆரம்பித்தார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பஜ்ஜிக்குச் சட்னி போதவில்லை என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டு வாங்கியது வரைக்கும் நினைத்து நினைத்துக் கோபப்பட்டேன். பிறகு கொல்லைப்பக்கம் போய்த் துணி அலசும் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பத்து மணிக்கு முன்னறையில் பூனைகள் சண்டை போட்டன. மூன்றாவது கம்பெனியின் முறை. என் வாழ்க்கை போனாலும் அவருக்குச் சோதனை தவறக் கூடாது என்று அப்போது மனதுக்குள் திட்டினேன். இன்று யோசித்தால், அவர் வேறு என்னதான் செய்வார்? என் முகத்தைப் பார்க்க முடியாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். அப்பா கூப்பிட்டார். "ம்மா, இங்க கொஞ்சம் வாயேன். எனக்கு ஒரு மெயில் வந்திருக்கு."

நான் அசையவில்லை. அவர் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது, அது இன்னும் எரிச்சலூட்டியது.

"தமிழ இங்கிலீஷ் எழுத்துல எழுதியிருக்காங்க. கண்ணக் கட்டுது. வந்து படி லா."

முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன். திரையின் ஒரு மூலையில் முருகன் பாட்டு இறங்கிக்கொண்டிருந்தது, முக்கால் பங்குக்கு மேல் வந்திருந்தது. மற்றதில் அப்பாவுக்கு வந்த முதல் இமெயில். நான் சத்தமாகவே படித்தேன்.

"அங்கிள் வணக்கம். அம்மா பத்து மணியிலேர்ந்து உங்க வீட்டுக்குப் போன் போட்டுக்கிட்டு இருக்காங்க. எங்கேஜாவே இருக்கு. நீங்க டெஸ்ட் பண்றீங்கன்னு எனக்குத் தெரியும், அம்மாகிட்ட சொன்னா கேக்கல. தடங்கல்னு நினைக்கிறாங்க. பதினொண்ணு வரைக்கும்தான் நல்ல நேரமாம். அதுக்குள்ள கிடைக்கலன்னா விட்டுடணும்னு சொல்றாங்க. தயவு செஞ்சு லைன கட் பண்ணுங்க. என் பதில் அன்னைக்கே ரெடி."

படித்து முடித்து நிமிர்ந்தேன். அம்மா கையில் கீரைக் காம்போடு வாசற்படியில் நின்றிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றுக்குக் கொஞ்ச நேரமே இருந்தது.

"கட் பண்ணுங்க," என்றார் அம்மா.

அப்பா மவுஸைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. "முருகன் பாட்டு," என்றார் மெதுவாக. "நல்ல காரியம் பேசுறப்ப சாமி பாட்ட பாதில அறுக்கலாமா? இன்னும் கொஞ்சம்தான்."

சாமி வரம் கொடுத்தும் பூசாரி மறித்தான் என்பது இதுதான். நான் குனிந்து, சுவரிலிருந்து வந்த லைனை மோடத்திலிருந்து பிடுங்கினேன். பாட்டு அப்படியே நின்றது. அப்பா "ஐயோ" என்று ஒரு சின்னச் சத்தம் போட்டுவிட்டு, திரையைப் பார்த்து யாருக்கும் தெரியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

போன் அடிக்கவில்லை. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். நாமே கூப்பிட்டால் என்ன என்று நான் கேட்டேன். அம்மா தலையை ஆட்டினார். "கூடாது." எனக்கு அந்தப் போனையும் நாள்காட்டியையும் சேர்த்துத் தூக்கிக் கிந்தா ஆற்றில் எறியலாம்போல இருந்தது.

அப்போது அடித்தது. நான் கையை நீட்ட, அம்மா தட்டிவிட்டார். "மொத மணியிலேயே எடுத்தா அலையிறோம்னு நினைப்பாங்க." இரண்டாவது மணி. மூன்றாவது மணி. அம்மா தொண்டையைச் செருமி, கீரைக் காம்பைக் கீழே வைத்து, நான்காவது மணிக்கு எடுத்து, தூங்கி எழுந்தவரைப்போல "ஹலோ" என்றார்.

"ஆமாங்க... அப்படியா? சொந்தக்காரங்கதான் மாத்தி மாத்திப் பேசிக்கிட்டு இருந்தாங்க... இல்லங்க, ஏழரைக்கே..." என்று தொடங்கியவர் பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கண் கலங்குவதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

போனை வைத்த பிறகு அம்மா முதலில் சொன்னது சம்மதத்தை அல்ல. "நாள்காட்டியில போட்டிருக்கிறது இந்தியா நேரம்னு அந்தம்மா சொல்றாங்க. ரெண்டர மணி நேரம் கூட்டணுமாம். ஏழரைன்னா இங்க பத்தாம். இங்கதானே அச்சடிக்கிறான், எதுக்குக் கூட்டணும்?" கண்ணைத் துடைத்துக்கொண்டே கோபமாகக் கேட்டார். அந்த வழக்கு இரண்டு சம்பந்திகளுக்கும் நடுவில் கடைசி வரை தீரவில்லை. எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் இரண்டு நல்ல நேரம் பார்ப்போம், இரண்டிலும் விளக்கேற்றுவோம்.

என் கணவர் அன்றைக்கு மழையில் நனைந்து, எதிர்ச் சாரியிலிருந்த சைபர் கஃபேக்கு ஓடித்தான் அந்த மெயிலைப் போட்டார் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். வீட்டு லைன் அவர் அம்மாவின் கையில் இருந்ததாம்.

மூன்றாவது கம்பெனியின் சோதனை பாதியில் அறுந்ததால் செல்லாது என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும் என்றார். கல்யாண வேலையில் அது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. நான் தைப்பிங்குக்குப் போகும் வரைக்கும் எங்கள் வீட்டு இணையம் முடிவாகவில்லை. வழியனுப்பும்போது அம்மா அழுதார். அப்பா அழவில்லை, காரின் டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

தைப்பிங்கில் முதல் வாரம் ஓயாத மழை. புது வீட்டில் எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல், யாரிடமும் கேட்கவும் தோன்றாமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்குப் போன் போடலாம் என்று உட்கார்ந்தேன். கடிகாரத்தைப் பார்த்தால் பத்து தாண்டியிருந்தது. அப்பாவின் சோதனை நேரம். எங்கேஜ் சத்தம் கேட்கும் என்று தெரிந்தேதான் எண்ணைச் சுற்றினேன்.

முதல் மணி முழுதாக அடித்து முடிவதற்குள் அப்பா எடுத்துவிட்டார்.

"அப்பா," என்றேன்.

"ம்மா, கேக்குதா?" அவர் குரலுக்குப் பின்னால் முருகன் பாட்டு முழுதாக ஓடிக்கொண்டிருந்தது. "நான் இப்ப இண்டர்நெட்டுலதான் இருக்கேன்."